எழுத்தின் உயரம்

என் மாமனார் தினமும் காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளைச் சட்டத்தை எடுத்துத் துடைப்பதுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறிய சட்டம் அது. அதன் நடுவே, ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஓர் இடைவெளி வெட்டப்பட்டிருக்கும். நாங்கள் செய்கிற மர எழுத்து விரல் நீளமானாலும் முழ நீளமானாலும், அதன் கட்டை உயரம் மட்டும் அந்த இடைவெளிக்குள் வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். ஆடக் கூடாது, இறுகவும் கூடாது. அச்சு இயந்திரத்தில் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நின்றால்தான் மை எல்லாவற்றின் மேலும் சமமாகப் படியும். இதில் ஒரு மயிரிழை பிசகினாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

தொழிலாளர்கள் அந்த இடைவெளியை ‘வாய்’ என்பார்கள். “முதலாளிக்கு ரெண்டு வாய். ஒண்ணு திட்டும், இன்னொண்ணு துப்பும்” என்று ஒரு பேச்சு உண்டு. பித்தளை வாய் ஏற்காத எழுத்தெல்லாம் அடுப்புக்குத்தான் போகும் என்பது அதன் பொருள்.

மாமா சட்டத்தின் வெளிப்புறத்தைத் துடைத்ததோடு நிறுத்த மாட்டார். மெருகுப் பசை தடவிய துணியைத் திரியாக முறுக்கி, வாய்க்குள் விட்டு, இருபுறமும் பிடித்து இழுத்து இழுத்துத் தேய்ப்பார். துணி கறுத்து வரும், பித்தளை மின்னும். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் இதைத் தவறவிட்டதில்லை என்று அத்தை சொல்வார்கள். “எம் பொண்ணு பிறந்த அன்னிக்குக் கூட அதத் தேச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வந்து, குழந்தையப் பாத்துட்டு, சரியான உயரம்னாரு.”

அவர் ஆரம்பத்தில் கதவு, சன்னல் செய்கிற தச்சர். ஒரு நாள் சுவரொட்டி அச்சிடுகிற ஒருவர், உடைந்துபோன பெரிய எழுத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்து, அரைநாளில் அதைப் போலவே ஒன்றை மரத்தில் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். அது நன்றாகப் பதிந்தது. மறுவாரம் நான்கு கேட்டார்கள், அதற்கடுத்த மாதம் ஒரு பெட்டி கேட்டார்கள். பெரிய மாதிரியின் ஓரத்தை ஒரு முள் தடவிச் செல்ல, அதே வடிவத்தைச் சிறிதாக மரத்தில் குடைந்து தருகிற இயந்திரத்தை அவரே பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். நான் மருமகனாக வந்தபோது நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிற தொழிற்சாலையாக அது வளர்ந்திருந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மாமா ஒரு பாடம் நடத்துவார். “மரத்த ஏன் குறுக்க அறுக்கறோம் தெரியுமா? மரம் அகலத்துல வத்தும், நீளத்துல வத்தாது. மரம் நின்ன வாக்குலயே எழுத்தும் நிக்கணும். அப்பத்தான் இன்னிக்கு இருக்கிற உயரம் என் பேரன் காலத்துலயும் இருக்கும்.” எங்கள் விலைப்பட்டியலின் முதல் பக்கத்திலும் ஓர் உறுதிமொழி உண்டு: ‘எங்கள் எழுத்து, எந்த ஆண்டில் வாங்கியதாயினும், வேறெந்த ஆண்டின் எழுத்தோடும் சமமாக நிற்கும்.’ கருத்து மாமாவுடையது. ‘ஆயினும்’ மட்டும் என்னுடையது.

என் வேலை கடிதம் எழுதுவது. மரத்தைப் பற்றி எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் தொழிற்சாலையில் அனைவரும் என்னை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்தார்கள். அந்த அழைப்பில் மரியாதை இருந்தது. நான் இன்னும் விருந்தாளிதான் என்பதும் இருந்தது.

கட்டைகளை உரிய உயரத்துக்கு இழைக்கிற பொறுப்பு ‘சன்னம்’ என்று அழைக்கப்பட்டவரிடம் இருந்தது. இழைப்புளியைத் தள்ளினால், ஊதினால் பறக்கிற சீவல் வரும். அதனால் வந்த பெயர். இருபத்தாறு ஆண்டுகளாக அதே மேசையில் நின்றவர். துடைத்து முடித்த சட்டத்தை மாமா காலையில் அவர் கையில் கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார். வேறு எவரும் அதைத் தொட்டதில்லை.

ஒரு நாள் மதியம், மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சாப்பாட்டுக்கு நடுவில் மாமா திரும்பி வந்தார். சன்னம் அண்ணன், சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அந்த மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து, எச்சில் தொட்டுச் சட்டத்தின் வாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அது?”

“காயிதம், முதலாளி.”

“காயிதம்னு எனக்குத் தெரியும். அதுக்கு அங்க என்ன வேலை?”

“எழுத்து சரியா நிக்கணும்னுதான்...”

“அப்ப என் சட்டம் சரியில்லங்கறியா?”

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அலுவலக அறையின் வாசலில் நின்றிருந்தேன். சன்னம் அண்ணன் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.

“அப்படி இல்லீங்க முதலாளி” என்றார். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

மாமா தமக்குப் புரிந்தபடி புரிந்துகொண்டார். தாழ இழைத்துக் கெடுத்துவிட்ட கட்டை சட்டத்துக்குள் ஆடும். காகிதத்தை வைத்து இடைவெளியைக் குறைத்தால் ஆடாது. கெட்ட கட்டையும் நல்லதாகத் தேறிவிடும். இதுதான் சங்கதி என்றார். அன்று பிற்பகலே நீக்கக் கடிதம் எழுதச் சொன்னார். நான் முதலில் ‘அளவு பார்ப்பதில் முறைகேடு’ என்று எழுதினேன். வாக்கியத்தின் ஓசை தட்டுவது போலிருந்தது. ஆகவே ‘மோசடி’ என்று திருத்தினேன். மாமா வாசித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை” என்றார். வழக்கப்படி ஒரு நகல் மரத்தொழில் முதலாளிகள் சங்கத்துக்குப் போயிற்று.

இரண்டு மாதத்தில் புகார்கள் வரத் தொடங்கின. புதிய எழுத்துகள் பழையவற்றோடு ஒத்து நிற்கவில்லை, துருத்துகின்றன என்றார்கள். ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம்’ என்று தொடங்கி நான் பதில்கள் எழுதினேன். “அவனோட ஆளுங்க உள்ள இருந்துக்கிட்டு வேணும்னே பண்றானுங்க” என்றார் மாமா. புதிதாக இழைப்பு மேசைக்கு வந்தவரோ, சட்டத்தில் சரிபார்க்காமல் ஒரு கட்டையைக் கூட விடவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான்.

நான்காவது மாதம், எங்களிடம் நீண்ட காலமாக வாங்குகிற சுவரொட்டி அச்சகக்காரர் நேரில் வந்தார். மாமா மரக்கிடங்குக்குப் போயிருந்த நேரம்.

“மாப்பிள்ளை சார், உங்க லெட்டரெல்லாம் பிரமாதம். ஃப்ரேம் போட்டு மாட்டிட்டேன். ஆனா எழுத்து? இங்க பாருங்க.” கொண்டுவந்த பையிலிருந்து ஏழு பழைய எழுத்துகளையும் இரண்டு புதியவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார். விரலால் ஓர் ஓரத்தை அழுத்தினார். தகடு மறுபக்கம் தூக்கிக்கொண்டது. “ஊஞ்சல் கட்டியாச்சு. உக்காந்து ஆடலாம். இந்த ரெண்டு பேரும் கல்யாண போட்டோல நிக்கிற நெட்டைச் சித்தப்பா மாதிரி நிக்கிறாங்க. காகிதமெல்லாம் ஓட்டை விழுந்து, போஸ்டர் கொசுவலையா வருது.”

“தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு...”

“அதத்தான் லெட்டர்ல போட்டுட்டீங்களே. போன வருஷம் வாங்கின பெட்டி கூட அச்சா நின்னுது சார். இந்த நாலு மாசத்துச் சரக்குதான் இப்படி. நாலு மாசத்துல என்ன மாறுச்சு?”

நான்கு மாதத்தில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அது என் கைப்பட எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் சன்னம் அண்ணனைத் தேடிப் போனேன். பாட்டில்கள் அனுப்புவதற்கான பெட்டி செய்கிற ஒரு பட்டறையில் இருந்தார். இழைக்காத முரட்டுப் பலகைகளைச் சேர்த்து ஆணி அடிக்கிற வேலை. என்னைக் கண்டதும் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார். கவிழ்த்த பெட்டி ஒன்றைத் துண்டால் தட்டி எனக்கு இடம் போட்டார்.

“அண்ணே, அந்தக் காகிதம் எதுக்கு?” என்று கேட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “புகார் வந்திருச்சா?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

“வரும். ஏழு வருஷம் முன்னாடி ஒரு பழைய எழுத்தத் தற்செயலா வாயில விட்டேன் மாப்பிள்ளை. ஆடிச்சு. இன்னொண்ண விட்டேன், அதுவும் ஆடிச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, எழுத்து சுருங்கல, வாய்தான் அகலமாயிருச்சுன்னு. தினம் தேச்சா பித்தளை என்ன பண்ணும், பாவம். முதல்ல ஒரு காயிதம் போதுமா இருந்துச்சு. போன ரெண்டு வருஷமா ரெண்டு வெச்சேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?”

“எத? காலையில அவரு சாமி கும்பிடற மாதிரி தேய்க்கிறாரு. நீங்க தேய்க்கிறதுதான் கோளாறுன்னு எப்படிச் சொல்றது? அதுவும் அன்னிக்கு, அத்தன பேர் முன்னாடி?” தம் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டார். “சரி, விடுங்க. எனக்கு ஒரு உதவி பண்ணணும். பள்ளிக்கூடத்துக்கு மர ஸ்கேல் பண்ற கம்பெனில சன்ன வேலைக்கு ஆள் தேடறாங்க. போனேன். இழைச்சுக் காட்டினேன். அந்த முதலாளிக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அப்புறம் சங்கத்துல விசாரிச்சு அந்த லெட்டரப் பாத்திருக்காரு. ‘அளவுகோல் பண்ற இடத்துல அளவுல மோசடி பண்ணவர எப்படிய்யா வெக்கிறது?’ன்னாரு. அவர் மேல தப்பில்ல. உங்க பழைய முதலாளி ஒரு வார்த்த சொன்னாப் போதும், மாசக் கடைசி வரைக்கும் இடத்தப் புடிச்சு வெக்கிறேன்னாரு.”

“நான் சொல்றேண்ணே.”

“வேலை கூடப் பரவாயில்ல மாப்பிள்ளை. என் மச்சான் வீட்டுக்குப் போனா, ‘ஐயோ, டேப்ப எடுத்து ஒளிச்சு வைங்கடா, மாமா வர்றாரு’ங்கறான். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சிட்டு வந்துருவேன்.”

மாதம் முடியப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

மாமாவிடம் எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் யோசித்தேன். வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கி, அடித்து, மறுபடி அடுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அனைவரும் சாப்பிட அமர்ந்திருந்தபோது, “மாமா, அந்தச் சட்டம்...” என்றேன்.

“சட்டத்துக்கு என்ன?” என்று நிமிர்ந்தார்.

“பளபளன்னு இருக்கு.”

“இருக்காதா பின்னே?” என்று மகிழ்ந்துபோய், அத்தையிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறச் சொன்னார்.

எல்லாவற்றையும் என்னிடம் முன்பே கேட்டறிந்திருந்த என் மனைவி, என்னை அறைக்குள் அழைத்தாள். “இதச் சொல்லத்தான் ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு முணுமுணுத்தீங்களா?”

“நேரம் சரியா அமையல.”

“உங்களுக்கு அமையாது. எந்திரிங்க. நாளைக்கு நானும் ஆபீசுக்கு வரேன்.”

வந்தாள். மாமா செதுக்கிய முதல் எழுத்துப் பெட்டியிலிருந்து ஒன்று, அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சட்டம் செய்யப்பட்ட அதே வாரத்தில் அளவு பார்த்துத் தேறியது. அவள் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அப்பா, இத வாயில விடுங்க.”

“எதுக்கும்மா?”

“விடுங்களேன்.”

விட்டார். எழுத்து உள்ளே நுழைந்து, மெல்லிய சத்தத்தோடு இப்படியும் அப்படியும் ஆடியது. வெளியே எடுத்துத் திருப்பி விட்டார். அப்போதும் ஆடியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் விட்டார்.

“மரம் வத்திப்போச்சு” என்றார்.

“நீளவாக்குல மரம் வத்தாதுன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க? என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க கிட்டக் கூட அதத்தானே அரைமணி நேரம் சொன்னீங்க?”

மாமா மெருகுத் துணியைப் பார்த்தார். அது மேசை ஓரத்தில், கறுத்து, முறுக்கு அவிழாமல் கிடந்தது. மெதுவாக அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் மாப்பிள்ளை?”

“ஒரு வாரமா, மாமா.”

“அவனுக்கு?”

நான் தயங்கினேன். “ஏழு வருஷமா.”

“ஏழு வருஷமா தினம் எங்கிட்ட கை நீட்டிச் சட்டத்த வாங்கிட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கான்.”

“சிரிக்கலப்பா” என்றாள் என் மனைவி. “உங்க மானத்தக் காப்பாத்தியிருக்காரு.”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு அவளே வருந்தினாள். சிரித்திருந்தால் மாமா மன்னித்திருப்பார். காப்பாற்றியதை அவரால் தாங்கிக்கொள்ள இயலவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

தொழிற்சாலைக் காரியம் விரைவில் நேராகிவிட்டது. மழை ஈரத்தில் மரம் சற்று ஊதியிருப்பதாகவும், முன்னெச்சரிக்கையாகப் புதுச் சட்டம் ஒன்று பயன்படுத்தப்படும் என்றும் மாமா அறிவித்தார். கடைசல் பட்டறையிலிருந்து எஃகில் ஒன்று செய்து வந்தது. துருத்திய எழுத்துகளை வரவழைத்து, மறுபடி இழைத்து அனுப்பினோம். சுவரொட்டி அச்சகக்காரர், ‘சித்தப்பாக்கள் இப்போது குடும்பத்தோடு ஒத்துப்போகிறார்கள்’ என்று ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தார்.

சன்னம் அண்ணனுக்கான கடிதத்தை நான் நான்கு முறை எழுதினேன். நான்காவது, ஐந்தே வரி. ‘முன்னர் குறிப்பிடப்பட்ட மோசடி எதுவும் நிகழவில்லை என்பதையும், தவறு எங்கள் தரப்பிலேயே நேர்ந்தது என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.’ அதைத் தட்டச்சு செய்து, மாதக் கடைசிக்குள் ஸ்கேல் கம்பெனிக்குப் போயாக வேண்டும் என்று சொல்லி, மாமாவின் கையொப்பத்துக்காக மேசையில் வைத்தேன். ‘எங்கள் தரப்பிலேயே’ என்பதில் இருந்த ‘ஏ’யை மட்டும் அவர் பேனாவால் அடித்தார். நான் அவ்வாறே திருத்தி வைத்தேன். அதற்குப் பிறகு, காலையில் அந்தக் கடிதம் மேசையின் வலப்பக்கம் இருந்தால் மாலையில் இடப்பக்கம் இருக்கும். அவர் அதைக் கிழிக்கவில்லை. என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. “பாக்கறேன் மாப்பிள்ளை” என்பார். ஒருமுறை பேனா மூடியைத் திருகித் திறந்தவர், யாரோ வந்துவிட, அதே பேனாவால் அவருக்கு ரசீது எழுதிக் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி நாள், காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மாமா எடுத்தார். ஸ்கேல் கம்பெனி முதலாளி என்று தெரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆமாங்க, நான்தான் பேசறேன்... ஆமா, எங்ககிட்டதான் இருந்தாரு. இருபத்தாறு வருஷம்... கையா? அந்த மாதிரிக் கை இந்த ஊர்ல இல்லீங்க. இழைச்சா கண்ணாடி தோத்துப் போகும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். கடிதம் வலப்பக்கம் இருந்தது. இனி அது தேவையே படாது, இன்னும் ஒரு வாக்கியம்தான் என்று நினைத்தேன்.

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். மாமாவின் உதடுகள் பிரிந்தன, அப்படியே நின்றன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இழைப்பு மேசையில் சீவல் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பேசுகிற பகுதியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“நீங்க பேசுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் பக்குவமா பேச வரும்.”

வாங்கிக்கொண்டேன். “வணக்கம் ஐயா.”

“வணக்கம் தம்பி. நான் சுத்தி வளைக்கல. அவரு அளவுல மோசடி பண்ணாரா, பண்ணலையா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்த. ஆமான்னா அவர வேணாம்னுடுவேன். இல்லன்னா இப்பவே வரச்சொல்லுவேன்.”

‘இல்லை’ என்பது சின்னச் சொல். அதைச் சொல்வதற்காகவே என் வாய் திறந்தது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டும் பார்வையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். மருத்துவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருக்கிற நோயாளி பார்ப்பதைப் போலப் பார்த்தார். இல்லை என்றால், பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கும் நான் மாமாவின் எதிரில் நின்றே பதில் சொல்லியாக வேண்டும்.

“அது சம்பந்தமா விவரமா ஒரு கடிதம் தங்களுக்கு அனுப்பி வைக்கிறோம் ஐயா” என்றேன்.

எதிர்முனையில் ஏதோ காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

“புரிஞ்சுது தம்பி. பாவம், இத்தன வருஷம் வேலை பாத்தவரு, வாய்விட்டுச் சொல்ல உங்களுக்கும் மனசு வராது. சொல்லாம சொல்லிட்டீங்க. நல்ல வேளை, கேட்டேன்.”

“ஐயா, அப்படி இல்லீங்க...”

அவர் வைத்துவிட்டிருந்தார். அந்த எண்ணைத் தேடி எடுத்து நான் திரும்ப அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். முதலாளி உள்ளே போய்விட்டார், காத்திருந்த வேறொருவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார். கடிதம் வரும் என்று சொல்லுங்கள் என்றேன்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டார் மாமா.

“நன்றி சொன்னாரு.”

அவர் தலையசைத்தார். அந்த ஐந்து வரிக் கடிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார். மை காய ஊதவும் செய்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

அன்று பிற்பகல் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெட்டிப் பட்டறைக்குப் போனேன். சன்னம் அண்ணனுக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மச்சான் கிட்டக் காட்டறதுக்கு ஆகும்” என்றார். பிறகு, “போன்ல நீங்கதான் பேசுனீங்களாமே?”

“ஆமாண்ணே.”

“முதலாளி பக்கத்துலயே இருந்தாரா?”

“எதிர்லதான் இருந்தாரு.”

“அப்பச் சொல்லியிருக்க முடியாதுதான்” என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். “யாரா இருந்தாலும் முடியாது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.”

நான் அங்கேயே நின்றேன். அவர் சுத்தியலை எடுத்தார்.

“கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா மாப்பிள்ளை? பலகை மேல நிக்கிறீங்க.”